பழைய கேரவன் வாங்கப் போகிறீர்களா? முதலில் அடியில் படுத்துப் பாருங்கள்

காரில் மாட்டி இழுத்துப் போகும் பழைய கேரவனை விற்பவர்கள் உள்ளேதான் அழகு பண்ணுகிறார்கள். மெத்தைக்குப் புது உறை, சமையல் மேடைக்குப் புது ஸ்டிக்கர், மூலையில் ஒரு வாசனைப் புட்டி. வாங்கப் போகிறவரும் உள்ளே ஏறி, அலமாரியைத் திறந்து மூடி, கட்டிலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, சரி எடுத்துக்கலாம் என்று முடிவு பண்ணிவிடுகிறார். எனக்காகவும் நண்பர்களுக்காகவும் இந்த மாதிரி வண்டிகளை நிறையப் பார்த்தாகிவிட்டது. இப்போதெல்லாம் கதவைத் திறப்பதற்கு முன்பே ஒரு அட்டையை விரித்துப் போட்டு அடியில் படுத்துவிடுவேன். உள்ளே பிடிக்காததைப் பெரும்பாலும் கழற்றி மாற்றிவிடலாம். அடியில் வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேஸிஸ் விரிசல் விட்டிருந்தாலோ தரைப் பலகை உளுத்துப் போயிருந்தாலோ, சரிபண்ணும் செலவு சில சமயம் வண்டியின் விலையையே தாண்டிவிடும்.

போவதற்கு முன் போனிலேயே சிலவற்றைச் சொல்லிவிடுவது நல்லது. அடியில் படுத்துப் பார்ப்பேன், சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கிச் சுற்றிப் பார்ப்பேன், சம்மதமா என்று கேளுங்கள். அதற்கு இழுத்து இழுத்துப் பதில் சொல்பவரிடம் நான் போவதே இல்லை. அப்புறம், நல்ல தண்ணீர்த் தொட்டியை முதல் நாள் மாலையே நிரப்பி வைக்கச் சொல்லுங்கள். நூறு லிட்டர் தண்ணீர் என்றால் நூறு கிலோ. அந்தப் பாரத்தோடு ஒரு இரவு நின்றால் தொட்டியைத் தாங்கும் பட்டை தொய்ந்திருக்கிறதா, இணைப்பு எங்கே சொட்டுகிறது என்பதெல்லாம் காலையில் தானாகத் தெரிந்துவிடும். காலித் தொட்டியைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. முக்கியமாக, "எனக்காக அடிப்பக்கத்தைக் கழுவி வைக்க வேண்டாம்" என்றும் சொல்லிவிடுவேன். சிலருக்கு இது விநோதமாகத்தான் இருக்கும், இருக்கட்டும். சேறும் கறையும் சொல்லும் தகவல் கழுவின வண்டியில் கிடைக்காது.

பாதுகாப்பில் மட்டும் சோம்பல் வேண்டாம். வண்டி கெட்டியான, சமமான தரையில், இழுக்கும் காரோடு மாட்டிய நிலையிலேயே இருக்கட்டும், காரில் ஹேண்ட்பிரேக் போட்டிருக்கட்டும், கேரவன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிடுங்கள். ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை விடவே கூடாது, சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான் எதுவாக இருந்தாலும். நான்கு மூலையிலும் இறக்கிவிடும் கால்கள் வண்டி ஆடாமல் நிற்பதற்குத்தான், தூக்குவதற்கு இல்லை. அந்தக் கால்களில் ஒன்று வளைந்திருந்தால் யாரோ அதை வைத்தே வண்டியைத் தூக்கியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம், அவர் வேறென்ன செய்திருப்பாரோ. இரண்டு பக்கச் சக்கரத்தையும் இணைக்கும் ஆக்சில் குழாயின் நடுவில் ஜாக்கி வைப்பதும் அப்படித்தான், குழாய் வளைந்துவிடும். ஜாக்கி வைக்கும் இடம் எது என்று தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும்.

கையோடு கொண்டுபோக வேண்டியது கொஞ்சம்தான். தலையில் மாட்டும் டார்ச், நீளமான ஸ்க்ரூடிரைவர், சின்ன சுத்தியல், கம்பி பிரஷ், அளவு டேப், போனில் கேமரா. கண்ணுக்குக் கண்ணாடியை மறக்காதீர்கள், மல்லாந்து படுத்துத் தட்டும்போது துருத்தூள் நேராகக் கண்ணுக்குத்தான் வரும்.

துருவைக் கண்டு பயப்படுபவர்கள் அதிகம். எனக்கு என்னவோ துருவைவிடப் புதுப் பெயிண்டைக் கண்டால்தான் பயம். ஒரு வண்டியின் அடியில் எல்லாமே கருகருவென்று மின்னியது. விற்பவர், பாருங்கள் எப்படிப் பராமரித்திருக்கிறேன் என்றார். டார்ச்சை அடித்தால் பிரேக் வயரின் மேலும் கருப்புத் தூவல், கிரீஸ் ஏற்றும் நிப்பிளின் வாயிலும் கருப்பு, டயரின் உள்பக்கச் சுவரிலும் புள்ளி புள்ளியாகக் கருப்பு. பராமரிப்புக்காகப் பெயிண்ட் அடிப்பவர் முதலில் துருவைச் சுரண்டுவார், வயரையும் நிப்பிளையும் டேப் ஒட்டி மூடுவார். விற்பதற்காக ஸ்பிரே கேனை எடுத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் வேலையை முடித்தவர்தான் இப்படி அடிப்பார். அந்தப் பெயிண்டுக்குக் கீழே ஓரிடத்தில் சுத்தியலால் லேசாகத் தட்டினேன், மற்ற இடத்தில் கணீரென்று கேட்ட சத்தம் அங்கே மொத்தென்று கேட்டது. இன்னொரு தட்டில் பழைய புத்தகத்தின் பக்கங்கள் மாதிரி துரு அடுக்கடுக்காகக் கழன்று வந்தது. அதற்கு மேல் பேச ஒன்றும் இருக்கவில்லை.

மேலாக, ஆரஞ்சு நிறத்தில் தூள் போலப் படிந்திருக்கும் துரு வெளியில் நிற்கும் எந்த இரும்பிலும் இருக்கும், கம்பி பிரஷ் போட்டால் போய்விடும், அதை வைத்து வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை. செதில் செதிலாக உரிந்து, இரும்பின் கனமே குறைந்திருந்தால்தான் சிக்கல். கடலோரத்தில் நின்ற வண்டியிலும், பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் ஊர்களில் ஓடிய வண்டியிலும் இதை எதிர்பார்க்கலாம். சேஸிஸ் உள்ளே காலியான பெட்டிக் குழாயாக இருந்தால் வெளிப்பக்கம் நன்றாக இருந்து உள்ளிருந்தே அரித்துக்கொண்டு வரும். தண்ணீர் வடிய அதில் ஓட்டை விட்டிருப்பார்கள், அந்த ஓட்டைக்கு நேர் கீழே தட்டிப் பாருங்கள், துருத்துண்டு கொட்டுகிறதா என்று. பின்பக்க பம்பரும் பல வண்டிகளில் காலிக் குழாய்தான். கழிவுநீர்க் குழாயை ஈரத்தோடு அதற்குள் செருகி வைக்கும் வழக்கம் இருக்கிறது, அதனால் அது உள்ளே சீக்கிரம் போய்விடும். சைக்கிள் ஸ்டாண்டை அதில் மாட்டி ஓட்டியிருந்தால் பம்பர் சேஸிஸோடு சேரும் வெல்டிங்கை இரண்டு பக்கமும் பாருங்கள்.

நான் அதிக நேரம் செலவழிப்பது விரிசல் தேடுவதில். சேஸிஸ் முழுவதும் தேட வேண்டிய அவசியமில்லை, பாரம் திரும்பும் இடங்களில் பார்த்தால் போதும். தகடுகளை அடுக்கிச் செய்த லீஃப் ஸ்பிரிங்கைத் தாங்கும் பிராக்கெட்டுகள் சேஸிஸோடு வெல்டு ஆகும் இடம், முன்னால் முக்கோணமாக வரும் இழுவைக் கம்பிகள் முதல் குறுக்குச் சட்டத்தைத் தொடும் இடம், பின்னால் சக்கரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி. இரட்டை ஆக்சில் வண்டி என்றால் ஸ்பிரிங் பிராக்கெட்டுகளை இன்னும் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். வண்டியைக் குறுகலாகத் திருப்பும்போது முன் சக்கரம் ஒரு பக்கமும் பின் சக்கரம் எதிர்ப்பக்கமும் தரையில் தேய்ந்துகொண்டே இழுபடும், அந்த விசை முழுவதும் பிராக்கெட்டைப் பக்கவாட்டில் முறுக்கும், சேஸிஸின் கீழ்ப் பட்டையோ அவ்வளவு கனமாக இருக்காது.

நண்பருக்காகப் பார்த்த ஒரு இரட்டை ஆக்சில் வண்டி நினைவுக்கு வருகிறது. உள்ளே குறை சொல்ல முடியாது. கதவு மட்டும் கீழ் மூலையில் கொஞ்சம் உரசியது, கீல் தளர்ந்திருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அடியில் போய்ப் பார்த்தால், ஸ்பிரிங் பிராக்கெட் ஒன்றின் வெல்டு ஓரத்திலிருந்து தலைமுடி அளவுக்கு ஒரு கோடு, அதன் இரண்டு பக்கமும் பழுப்பாகத் துரு கசிந்து இறங்கியிருந்தது. பெயிண்ட் வெடிப்பு என்றார் விற்பவர். பெயிண்டுதானா என்று தெரிந்துகொள்ளச் சுலபமான வழி இருக்கிறது, அவரிடமே கேட்டுவிட்டு அந்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். பெயிண்ட் போனது, கோடு போகவில்லை. நகத்தை வைத்து இழுத்தால் மாட்டியது. அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கே அது தெரியாது என்றுதான் தோன்றியது. கதவு உரசியதன் காரணமும் பெரும்பாலும் அதுதான், சேஸிஸ் அந்த இடத்தில் வளைந்துகொடுக்க ஆரம்பித்தால் மேலே கதவுச் சட்டம் கோணும். சந்தேகம் தீராவிட்டால் வெல்டிங் பட்டறையில் நிற ஊடுருவல் சோதனை செய்யச் சொல்லலாம், விரிசல் இருந்தால் அந்தச் சாயம் அதற்குள் இறங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

விரிசலை வெல்டு வைத்துச் சரிபண்ணலாம் என்பார்கள். பண்ணலாம்தான், ஆனால் ஏன் விட்டது என்று தெரியாமல் மேலே வெல்டு மட்டும் வைத்தால் அதற்குப் பக்கத்திலேயே அடுத்தது விடும். ஏற்கெனவே யாரோ வெல்டு வைத்துப் பட்டை போட்டிருந்தால் அந்த வேலையின் தரத்தைப் பாருங்கள், பில் இருக்கிறதா கேளுங்கள். துத்தநாகம் பூசிய மெல்லிய தகட்டுச் சேஸிஸ் சில கேரவன்களில் வரும், அதில் வெல்டு வைப்பதும் ஓட்டை போடுவதும் கூடாது. அப்படிப்பட்ட சேஸிஸில் வெல்டுத் தழும்பு கண்ணில் பட்டால் நான் எழுந்து வந்துவிடுவேன்.

ஸ்பிரிங் பக்கம் வருவோம். லீஃப் ஸ்பிரிங் வண்டியில் தகடுகள் வில்லாக வளைந்திருக்க வேண்டும், தட்டையாகவோ எதிர்ப்பக்கம் வளைந்தோ இருந்தால் வண்டி வருடக்கணக்கில் அதிக பாரம் சுமந்திருக்கிறது. ஸ்பிரிங்கைத் தொங்கவிடும் ஷேக்கிள் தகடுகளின் ஓட்டைகளைப் பாருங்கள். வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டை முட்டை வடிவத்துக்கு நீண்டிருந்தால் உள்ளே போல்ட்டைச் சுற்றியிருக்கும் புஷ் தேய்ந்து போல்ட் இரும்பையே அறுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பல வண்டிகளில் இந்த புஷ் வெறும் பிளாஸ்டிக், சீக்கிரம் தேயும். இது பெரிய செலவு இல்லை, புஷ், போல்ட், ஷேக்கிள் எல்லாம் செட்டாகவே கிடைக்கும், விலை பேச உதவும், அவ்வளவுதான்.

ஆக்சில் குழாய் நடுவில் லேசாக மேல்நோக்கி வளைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, வளைந்துபோன ஆக்சில் என்று சிலர் பதறுவதைப் பார்த்திருக்கிறேன். பல ஆக்சில்களைச் செய்யும்போதே அப்படித்தான் வளைத்து அனுப்புகிறார்கள், பாரம் ஏறியதும் சக்கரம் நேராக நிற்பதற்காக. நடுவில் கீழ்நோக்கித் தொங்கினால்தான் கவலைப்பட வேண்டும். லீஃப் ஸ்பிரிங்கே இல்லாமல் சதுரக் குழாய்க்குள் ரப்பர் வைத்த டார்ஷன் ஆக்சிலும் உண்டு. அதில் தேய்மானம் வெளியே தெரியாது. வண்டியைத் தூக்கும்போது சக்கரத்தைத் தாங்கும் கை கீழே இறங்க வேண்டும், கொஞ்சம்கூட இறங்காமல் அப்படியே விறைத்து நின்றால் ரப்பர் செத்துவிட்டது. அந்த ரப்பரை மட்டும் மாற்ற வழியில்லை, ஆக்சிலையே மாற்ற வேண்டிவரும்.

அளவு டேப் இங்கேதான் வேலைக்கு வரும். முன்னால் காரோடு மாட்டும் கப்ளரின் நடுவிலிருந்து இடது சக்கரத்தின் மையமான ஹப்பின் நடு வரைக்கும், அப்புறம் அதே புள்ளியிலிருந்து வலது ஹப் வரைக்கும் அளந்து பாருங்கள். சில மில்லிமீட்டர் வித்தியாசம் டேப் பிடித்த கையால் வருவது. ஒரு விரல் அகலத்துக்கு வந்தால் ஆக்சில் நகர்ந்திருக்கிறது அல்லது எங்கேயோ மோதியிருக்கிறது, வண்டி சாலையில் ஒரு பக்கமாகத்தான் ஓடும்.

டயரில் எல்லோரும் பார்ப்பது வெளிப்பக்கப் பட்டன். கேரவன் டயர் பட்டன் தேய்ந்து சாவதைவிட வயதாகிச் சாவதுதான் அதிகம், வருடத்தில் பாதி நாள் நின்ற இடத்திலேயே வெயிலில் நிற்கிறதே. பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. அந்த எண் பெரும்பாலும் ஒரு பக்கச் சுவரில் மட்டும்தான் இருக்கும், அது உள்பக்கமாகப் போய்விட்டால் அடியில் படுத்தால்தான் தெரியும். ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் புது டயர் விலையைக் கணக்கில் வைத்துக்கொண்டுதான் பேசுவேன். அடியில் இருக்கும்போதே தேய்மானத்தையும் பாருங்கள். உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் ஆக்சிலில் சந்தேகம், இரண்டு விளிம்பும் தேய்ந்திருந்தால் காற்று குறைவாக ஓட்டியிருக்கிறார்கள், நடுவில் மட்டும் என்றால் காற்று அதிகம். ஸ்டெப்னியின் தேதியையும் விடாதீர்கள், அது பெரும்பாலும் வண்டியோடு பிறந்ததாகவே இருக்கும்.

சக்கரத்தைத் தூக்கினதும் மேலும் கீழும் இரண்டு கையால் பிடித்து ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினால் பேரிங் தளர்ந்திருக்கிறது. சுற்றிவிட்டுக் காது கொடுங்கள், கரகரவென்று அரைக்கும் சத்தம் கேட்டால் பேரிங் போய்விட்டது. பிரேக் தகட்டின் உள்பக்கத்தில் கிரீஸ் வழிந்திருந்தால் சீல் விட்டுவிட்டது, அந்த கிரீஸ் பிரேக் லைனிங்கிலும் ஏறியிருக்கும், ஊறின லைனிங்கை மாற்றத்தான் வேண்டும். மின் பிரேக் இருந்தால், முன்னால் கப்ளர் பக்கத்தில் வண்டி கழன்றுபோனால் தானாக பிரேக் பிடிக்கவைக்கும் பின் (செருகு ஊசி) ஒன்று இருக்கும். சக்கரத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அந்தப் பின்னை இழுத்தால் சக்கரம் இறுகி நின்றுவிட வேண்டும். பார்த்தவுடன் பின்னைத் திரும்பச் செருகிவிடுங்கள், இல்லையென்றால் பேட்டரி இறங்கும், பிரேக்கை இயக்கும் மின்காந்தங்களும் சூடாகும். எல்லாச் சக்கரத்திலும் செய்து பாருங்கள், ஒன்று மட்டும் பிடிக்காமல் போவது சாதாரணமாக நடப்பது. காரணம் பெரும்பாலும் ஆக்சில் மேல் ஓடும் வயர் எங்கேயாவது உரசி அறுந்திருக்கும், அல்லது டேப் சுற்றின ஜாயிண்டில் பச்சை பிடித்திருக்கும். கப்ளர் பின்னால் தள்ளப்படும்போது கம்பி, கேபிள் வழியாக பிரேக் பிடிக்கும் ஓவர்ரன் வகை என்றால் அந்தக் கேபிள் துருப்பிடித்து இறுகியிருக்கிறதா என்று கையால் இழுத்துப் பாருங்கள்.

இனி தண்ணீர். கேரவனைக் கொல்வது பெரும்பாலும் இதுதான். பல வண்டிகளில் அடிப்பக்கத்தை நெளி நெளியான ஒரு கருப்பு பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடியிருப்பார்கள். அது சமமாக இருக்க வேண்டும். எங்கேயாவது வயிறு மாதிரி தொங்கினால் அங்கே உள்ளங்கையை வைத்து மெதுவாக மேலே அழுத்துங்கள். ஒருமுறை அப்படி அழுத்தியபோது உள்ளே தண்ணீர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடுவது கையிலேயே தெரிந்தது. விற்பவரிடம் சொல்லிவிட்டு ஓரத்து ஸ்க்ரூ இரண்டைத் தளர்த்தினதும் பழுப்புத் தண்ணீர் மணிக்கட்டு வழியாக முழங்கை வரைக்கும் வழிந்தது, பின்னாலேயே ஊறிப்போன பஞ்சு, அதற்கு மேலே கருத்த பிளைவுட். ஸ்க்ரூடிரைவர் முனையை லேசாக வைத்தாலே உள்ளே போனது. உள்ளே போய்ப் பார்த்தால் அதற்கு நேர் மேலே புதிதாக ஒட்டின தரை விரிப்பு, காலுக்கு ஒன்றும் தெரியாது.

நனைந்த இடம் எங்கே இருக்கிறது என்பதை வைத்தே காரணத்தை ஓரளவு சொல்லிவிடலாம். தரையின் ஓரமாக, சுவரை ஒட்டி ஈரம் என்றால் பெரும்பாலும் கூரையிலிருந்தோ ஜன்னல் ஓரத்திலிருந்தோ சுவருக்குள் இறங்கிய மழைத் தண்ணீர், அப்போது அந்தச் சுவர்ச் சட்டமும் உளுத்திருக்கும், இதுதான் கொடுமையான வகை. நடுவில் என்றால் குழாய், ஷவர் வடிகால், கழிப்பறை இணைப்பு. சக்கர வளைவைச் சுற்றி மட்டும் என்றால் டயர் வாரி அடித்த தண்ணீர். ஷீட் இல்லாத வண்டியில் வேலை சுலபம், பலகை நேராகத் தெரியும். கதவுப் படிக்கு மேலே, கழிப்பறைக்குக் கீழே, நான்கு மூலையிலும் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள், சத்தம் மாறும் இடத்தில் மட்டும் முனையால் அழுத்திப் பார்க்கலாம், அதுவும் கேட்டுவிட்டு. ஷீட்டில் சதுரமாக வெட்டி டேப் ஒட்டியிருந்தால் அங்கே ஏதோ பழுது பார்த்திருக்கிறார்கள், என்ன பழுது என்று கேட்டு, பதிலை வாங்குங்கள். எலி மூத்திர நாற்றம் வந்தால் பஞ்சோடு வயர்களையும் சந்தேகப்பட வேண்டும்.

கழிவுநீர்த் தொட்டி, வால்வு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூடியைத் திறந்ததும் தேங்கி நின்ற தண்ணீர் கொட்டினால் வால்வு சரியாக மூடவில்லை. தொட்டியின் அடியில் வெள்ளையாக உப்பு பூத்த கோடுகள் இருந்தால் எப்போதோ கசிந்திருக்கிறது. சமையல் வாயுக் குழாய் சேஸிஸ் ஓரமாகவே ஓடும், கிளிப் விட்டுப்போய் இரும்பில் உரசுகிறதா, துரு செதிலாக எழும்பியிருக்கிறதா என்று முழு நீளத்துக்கும் பாருங்கள், சிலிண்டரைத் திறந்து வைத்து இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழ் வந்தாலோ வாசனை வந்தாலோ சிலிண்டரை மூடச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள், இடது பக்கம் முழுக்க முன்னிருந்து பின்னாக, அப்புறம் வலது பக்கம், இல்லையென்றால் வீட்டுக்குப் போனதும் எது எந்தச் சக்கரம் என்றே குழம்பும். என் கணக்கில் டயர், பேரிங், பிரேக், புஷ், ஷேக்கிள் எல்லாம் கடையில் வாங்கி மாட்டும் சாமான்கள், அதற்காக நல்ல வண்டியை விட வேண்டாம், செலவைக் கழித்துவிட்டு விலை சொல்லலாம். ஓரத்தில் உளுத்த தரை, சேஸிஸ் விரிசல், செதில் விட்ட துரு, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் நான் எடுக்கமாட்டேன். சொந்தமாக வெல்டிங்கும் தச்சு வேலையும் தெரிந்தவர் வேறு மாதிரி முடிவெடுக்கலாம், அது அவர் நேரம், அவர் முதுகு.

வாங்கிவிட்டீர்கள் என்றால், இழுத்துக்கொண்டு வரும் வழியில் பதினைந்து இருபது கிலோமீட்டரிலேயே ஓரமாக நிறுத்துங்கள். ஒவ்வொரு ஹப்பையும் பின்னங்கையால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள், கவனம், பேரிங் இறுகிய ஹப் கையைச் சுட்டுவிடும். எல்லாம் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருந்தால் சரி, ஒன்று மட்டும் கொதித்தால் பேரிங்கோ பிரேக்கோ இறுகியிருக்கிறது, அதற்கு மேல் ஓட்டாதீர்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் நட்டுகளை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் வைத்துக் கையேட்டில் சொன்ன அளவுக்கு அங்கேயே ஒருமுறை, எண்பது கிலோமீட்டர் வாக்கில் இன்னொருமுறை இறுக்கிவிடுங்கள்.